தலையைக் குனிந்தால் வெளியே

ஆர்வின் டீசன் புல்லில் குப்புறக் கிடந்தான். எழுந்திருக்கவில்லை.

நான் மைதானத்துக்கு மேலே மரக்கூண்டுக்குள் மைக்கோடு உட்கார்ந்திருந்தேன். பெத்தேல் ரிட்ஜ் கல்லூரியில் நானும் அவனும் ஒரே வருடத்து மாணவர்கள். அவன் ஆடுவான், அதை நான் எங்கள் மாவட்ட வானொலியில் வாயால் காட்டுவேன். அன்றைக்கு அக்டோபர் மாதச் சனிக்கிழமை. பழைய மாணவர்கள் குடும்பத்தோடு வந்து குவிகிற நாள். "டீசன் இன்னும் கீழேதான் கிடக்கிறான்" என்று சொல்லிவிட்டேன். அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவன் அம்மா மாட்டுக்கொட்டகையில் வானொலியைப் போட்டுக்கொண்டுதான் பால் கறப்பாள் என்பது எனக்குத் தெரியும். அதனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மேகம் எப்படி இருக்கிறது என்று எதையோ பேசிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஃபுட்பால் என்றால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். ஓடி வருகிறவனை மண்ணில் சாய்ப்பதுதான் ஆர்வினின் வேலை. மற்றவர்கள் தோளால் சாய்ப்பார்கள். இவன் கடா மாதிரி குனிந்து போய் ஹெல்மெட்டின் உச்சியால் இடிப்பான். அந்தச் சத்தம் என் கூண்டு வரைக்கும் கேட்கும். கூட்டம் அந்தச் சத்தத்துக்காகவே வந்தது என்றாலும் பொய்யில்லை. கோச் மேலண்டர் அப்படி ஒவ்வொரு இடிக்கும் அவன் ஹெல்மெட்டில் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பார். அந்த அக்டோபருக்குள் ஹெல்மெட்டில் வெள்ளை இடம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கீழே கிடந்தபோது கழுத்துக்குக் கீழே உடம்பு இருப்பதே தெரியவில்லையாம். "வலியே இல்ல, வெர்ன். அதுதான் பயமா இருந்துச்சு" என்று பின்னால் என்னிடம் சொன்னான். "மூக்குக்கு நேரா ஒரு வெட்டுக்கிளி உட்காந்திருந்துச்சு. அதைத் துரத்தணும்னு தோணுச்சு. எதால துரத்துறது? கைதான் எங்க இருக்குன்னே தெரியலையே."

மேலண்டர் மைதானத்துக்குள் நடந்து வந்தார். ஓடிக்கூட வரவில்லை.

"எழுந்திருடா. உங்கம்மா பால் கறக்கக் கூப்பிடுறா."

மேலண்டர் குனிந்து அவன் தோள்கவசத்தின் வாரைப் பிடித்தார், தூக்கி நிறுத்த. அப்போது நடுவர் குறுக்கே வந்தார். வார நாட்களில் விதை விற்கிற மனுஷன் அவர். சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை.

"கையை எடு, கர்ட். அவனை இப்போ தொட்டேன்னா ஆட்டத்தை இத்தோட முடிச்சுட்டு வீட்டுக்குப் போயிருவேன்."

மேலண்டர் கையை எடுத்தார். ஆர்வின் எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தான் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பேசிய பேச்சில் மேகமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. பிறகு ஆர்வினின் வலது கால் லேசாக அசைந்தது. விரல் நுனிகளில் நெருப்பு பிடித்த மாதிரி உடம்பு திரும்பி வந்ததாம். இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு நடந்து வெளியே போனான். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. நானும் மைக்கில் கத்தினேன்.

இடைவேளை முடிந்ததும் மேலண்டர் அவனை மறுபடி உள்ளே அனுப்பினார். அவனும் போனான்.

"ஏன்டா போனே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போகச் சொன்னாங்க, போனேன். மாட்டேன்னு ஒரு வார்த்தை இருக்குங்கிறதே அன்னிக்கு எனக்குத் தெரியாது."

திங்கட்கிழமை அவன் அப்பா பால் வண்டியிலேயே அவனை ஸூ ஃபால்ஸ் நகரத்துக்கு அழைத்துப்போனார். கழுத்தை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "தண்டுவடம் போற வழி உனக்குப் பிறவியிலேயே இறுக்கம். இன்னொரு தடவை இப்படி இடிச்சேன்னா அப்புறம் யாராவது உனக்கு ஊட்டித்தான் விடணும்."

ஆர்வின் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனான். மேலண்டர் அணியின் எதிரிலேயே சொன்னார்: "பயந்துட்டேன்னு சொல்லு, ஒத்துக்கறேன். நரம்பு எலும்புன்னு கதை விடாத." அந்த அணியில் லாய்ட் ஹோஃபர் என்று ஒருவன் இருந்தான். ஆர்வினுக்குப் பக்கத்தில் நின்று ஆடியவன், சொந்தமாகத் தானியக் கிடங்கு வைத்திருந்த குடும்பம். அவனும் சிரித்தான். ஆர்வின் விழுந்ததை லாய்ட் பக்கத்திலிருந்து பார்த்தவன். எழுந்து ஆடியதையும் பார்த்தவன். எழுந்து ஆடியவனுக்கு என்ன வியாதி என்பதுதான் அவன் கேள்வி. அந்தக் கேள்வியை அவன் இருபது வருஷத்துக்கு மேல் விடவில்லை.

ஆர்வினின் இடது கையில் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உணர்ச்சி அதன் பிறகு முழுசாகத் திரும்பி வரவே இல்லை. சூடான காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டே பேசுவான். தோல் சிவந்த பிறகுதான் கீழே வைப்பான்.

படிப்பை முடித்தான். சின்னச் சின்ன ஊர்ப் பள்ளிகளில் உயிரியல் சொல்லிக் கொடுத்தான். வகுப்பு முடிந்ததும் பையன்களை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஆட முடியாத ஆட்டத்தை அவனால் விடவும் முடியவில்லை. அப்படி ஒரு பள்ளியில் இசைக்குழு நடத்திக்கொண்டிருந்த மார்லிஸைக் கல்யாணம் செய்துகொண்டான். மூன்று ஊர்க்காரர்களை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற குரல் அவளுக்கு. எண்பதுகளின் நடுவில் பெத்தேல் ரிட்ஜே அவனைத் தலைமைக் கோச்சாகக் கூப்பிட்டது. மேலண்டர் அதற்குள் அரிசோனா வெயிலுக்குக் குடிபோய்விட்டார்.

சின்னக் கல்லூரியில் கோச் என்றால் எல்லாம் அவன்தான். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவான், சட்டைகளைத் துவைப்பான், பேருந்தை ஓட்டுவான். பனிக்காலத்தில் பண்ணை பண்ணையாகப் போய் அணிக்குப் பையன்களைத் தேடிக்கொண்டே அவர்கள் தாய்மார்கள் சுடுகிற பழக் கேக்கைத் தின்று தொப்பை வளர்ப்பான். பெரிய பல்கலைக்கழகங்கள் வேண்டாமென்று தள்ளியவர்கள்தான் எங்களுக்குக் கிடைப்பார்கள். அவர்களை வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும்.

அவனிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. தலையைக் குனிந்து இடித்தால் வெளியே. பயிற்சியோ பந்தயமோ, முதல் வருடமோ கடைசி வருடமோ, வித்தியாசம் கிடையாது.

"கண்ணு! கண்ணு!" என்று கத்திக்கொண்டே இருப்பான். "எதிரே வர்றவன் சட்டையில என்ன நம்பர்? படிச்சுக்கிட்டே இடிடா! படிக்க முடியலைன்னா நீ குனிஞ்சிருக்கே!"

ஏன் என்று பையன்களிடம் சொன்னதில்லை. அவன் விழுந்ததை ஊர் மறந்துவிட்டது; அதன் முழுக் கதை என்னைப் போல நாலைந்து கிழடுகளுக்குத்தான் தெரியும். "சொல்லிட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"சொன்னா பயந்துருவாங்க. பயந்தவன்தான் கண்ணை மூடிக்கிட்டுக் குனிவான். நான் சொல்லியே ஒருத்தனை விழ வெச்ச மாதிரி ஆயிரும்."

அது சரியா தப்பா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஊருக்குத் தெரிந்ததெல்லாம், மேலண்டர் காலத்துச் சத்தம் இப்போது மைதானத்தில் கேட்பதில்லை, அணியும் பாதிக்குப் பாதி தோற்கிறது. "ஆர்வினோட பாட்டுக்குழு" என்று கிண்டல் பேர் வைத்தார்கள். சர்ச்சில் பாடுகிறவர்கள் மாதிரி தலையை நிமிர்த்திக்கொண்டே ஆடுகிறார்களாம். அந்தப் பேரை வைத்தவன் லாய்ட் ஹோஃபர். அதற்குள் தானியக் கிடங்கும் அவன் கையில், கல்லூரி ஆட்சிக்குழுவின் தலைமையும் அவன் கையில்.

அப்புறம் லாய்டின் மகன் டேரின் அணிக்கு வந்தான்.

தொண்ணூற்று நாலாம் வருடம் டேரின் மூன்றாம் ஆண்டு. அப்படி ஒருவனை எங்கள் மைதானம் ஆர்வினுக்குப் பிறகு பார்த்ததில்லை. அகலமான தோள், மான் மாதிரி கால், பந்து எந்தப் பக்கம் போகும் என்பது பந்துக்குத் தெரியும் முன்பே அவனுக்குத் தெரியும். ஆர்வின் சொன்னபடி தலையை நிமிர்த்தித்தான் ஆடினான். ஆனால் ஆட்டம் இறுகும்போது, வீட்டில் அப்பா சொல்லிக்கொடுத்தது வெளியே வந்துவிடும். தலை தன்னால் குனியும். ஆர்வின் அவனை வெளியே உட்கார வைப்பான். லாய்ட் பார்வையாளர் பலகையில் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றிக் கீழே அடிப்பான்.

அந்த வருடம் எங்கள் அணி ஜெயித்துக்கொண்டே போனது. கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் டேரின் ஒருவனைக் குனிந்து இடித்துவிட்டு எழுந்தான். எழுந்தவன் இடது கையை, ஈரத்தை உதறுகிற மாதிரி உதறினான். கூட்டத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆர்வின் கவனித்தான்.

"கை என்ன?"

"ஒண்ணுமில்ல கோச்."

"எந்த விரல்?"

"ஒண்ணுமில்லைங்கிறேன்ல."

கல்லூரி டாக்டர் அவனைக் கையைப் பிடிக்கச் சொன்னார், தள்ளச் சொன்னார், ஆடலாம் என்றுவிட்டார். ஆர்வின் கழுத்தைப் படம் எடுத்தாக வேண்டுமென்று நின்றான். லாய்டின் கிடங்குக்கே போனான். நானும் கூடப் போயிருந்தேன். மக்காச்சோளம் குழாயில் இறங்குகிற இரைச்சலுக்கு மேலே இரண்டு பேரும் கத்த வேண்டியிருந்தது.

"டாக்டரே ஆடலாம்னுட்டார். நீ என்ன டாக்டருக்கு மேலயா?"

"ஒரே ஒரு படம், லாய்ட். அரை நாள் வேலை."

"அடுத்த வாரம் ஜெயிச்சா நாடு தழுவின போட்டிக்குப் போறோம். இந்தக் கல்லூரி பிறந்ததுலேர்ந்து போனதில்ல. இப்போ அவன் மனசுல புழுவை விடப் பாக்குறே. உனக்கு விட்ட மாதிரி."

"நான் விழுந்ததை நீ பாத்தே."

"நீ எழுந்து ஆடினதையும்தான் பாத்தேன்! இடைவேளைக்கு அப்புறம் முழுசா ஆடினே. அப்புறம் வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பயந்துட்டே. என் பையனுக்கு அந்த யோசனையெல்லாம் வேண்டாம்."

கிளம்பும்போது லாய்ட் பின்னாலேயே வந்து மெதுவாகச் சொன்னான்: "இந்த ஆட்டத்துல அவனை வெளிய உட்கார வெச்சேன்னா, அடுத்த ஆட்டத்துக்கு உனக்கு இங்க நாற்காலி இருக்காது. மிரட்டல்னு நெனைக்காத. தகவல்."

அன்று மாலை அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நானும் இருந்தேன். ஆர்வின் கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே இருந்தான். ஒரு வாய் கூடப் போடவில்லை.

"அந்தப் பையன்கிட்ட சொல்லிடு" என்றாள் மார்லிஸ். "உனக்கு என்ன ஆச்சுன்னு சொல்லு."

"சனிக்கிழமைக்கு முன்னால சொன்னா அதையே நெனச்சுக்கிட்டு ஆடுவான்."

"அப்போ எப்பதான் சொல்லப்போறே? அவன் படுத்த படுக்கையா ஆனப்புறமா?"

ஆர்வின் பாத்திரத்தைத் தள்ளி வைத்தான். என்னைப் பார்த்தான்.

சனிக்கிழமை வந்தது. கனடாப் பக்கத்திலிருந்து காற்று கத்தியாக வந்தது. புல் உறைந்து தகரமாகக் கிடந்தது. மாவட்டத்தில் கடை திறந்தவன் கிடையாது. பலகைகளில் இடமில்லாமல் லாரிகளின் மேலே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். என் கூண்டிலிருந்து ஒரு பக்கம் மைதானம் தெரியும், பின்ஜன்னல் வழியாக வண்டிகள் நிறுத்தும் இடம் தெரியும். அன்றைக்கு இரண்டு பக்கமும் பார்க்க வேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை.

கடைசிப் பகுதி வரைக்கும் நாங்கள்தான் முன்னால் இருந்தோம், கொஞ்சம்தான் முன்னால். எதிரணி வெஸ்ட்மார்க் கல்லூரி பந்தை நகர்த்தி நகர்த்தி எங்கள் எல்லைக் கோட்டருகே வந்துவிட்டது; அதைத் தாண்டினால் ஆட்டம் அவர்களுடையது. அவர்களுடைய தடியன் ஒருவன் பந்தை இடுக்கிக்கொண்டு பாய்ந்தான். கோட்டைத் தொட்டுவிட்டான் என்றே நினைத்தேன். டேரின் எங்கிருந்தோ வந்தான். குனிந்தான். அந்தப் பழைய சத்தம் கேட்டது. ஆர்வின் கோச்சாக வந்ததிலிருந்து கேட்காத சத்தம்.

தடியன் பின்னால் விழுந்தான். பந்து அவனிடமிருந்து நழுவி எங்கள் கைக்கு வந்துவிட்டது. கூட்டம் குதித்ததில் என் கூண்டே ஆடியது. டேரின் எழுந்தான். அவன் வலது கை மேலே இருந்தது. இடது கை, ஆணியில் மாட்டிய சட்டைக் கை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் ஓரத்துக்கு வந்ததும் ஆர்வின் அவன் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். சத்தம் போடவில்லை. நேராக வேலிக்குப் போய் அதை மார்லிஸிடம் கொடுத்தான். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஹெல்மெட்டைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டி நிறுத்தும் இடத்தை நோக்கி நடந்தாள்.

முதலில் அது யாருக்கும் புரியவில்லை. எங்கள் பையன்கள் பந்தை முன்னே நகர்த்த முடியாமல் மறுபடி வெஸ்ட்மார்க்கிடம் கொடுத்தார்கள். எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் உள்ளே போனார்கள். டேரின் மட்டும் வெறுந்தலையோடு ஓரத்தில் நின்றான்.

"ஹெல்மெட் எங்க? கோச்! என் ஹெல்மெட் எங்க?"

"உட்காரு."

"கை சரியாயிருச்சு! இதோ பாருங்க!" கையைத் தூக்கினான். தோள் வரைக்கும்தான் வந்தது.

துணைக் கோச் ஆர்வினின் காதருகே வந்து பேசியதை அவனே பின்னால் எனக்குச் சொன்னான். "ஆர்வின், இன்னும் கொஞ்ச நேரம்தான். இந்த ஒரு தடவை தடுத்துட்டா முடிஞ்சது."

"தெரியும்."

"ஊரே பாக்குது."

"அதுவும் தெரியும்."

பின்ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மார்லிஸ் தன் வண்டிக்குள் ஹெல்மெட்டை வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு, அதன் மேலேயே சாய்ந்து நின்றாள். லாய்ட் பலகைகளை இடித்துக்கொண்டு இறங்கி அவளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். காற்றில் அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. மார்லிஸ் பின்னால் சொன்னாள்.

"கதவைத் திற, மார்லிஸ்."

"என் வண்டி. எனக்கு எப்போ தோணுதோ அப்போ திறப்பேன்."

"அது என் பையனோட ஹெல்மெட்!"

"தலையும் உன் பையனோடதுதான், லாய்ட். அதைப் பத்தி யாராவது யோசிக்கணும்ல?"

அவன் கண்ணாடியை உடைக்கக் கையை ஓங்கினானாம். அவள் நகரவில்லை. இசைக்குழுவை அதட்டுகிற குரலில் "அடி பாப்போம்" என்றாளாம். லாய்ட் கையை இறக்கிவிட்டு மைதானத்துக்குத் திரும்பி ஓடினான்.

இங்கே ஓரத்தில் டேரின் வேறொருவனின் ஹெல்மெட்டைப் பிடுங்கித் தலையில் மாட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். ஆர்வின் குறுக்கே வந்து அவன் சட்டையைப் பிடித்தான், இடது கையால். அந்தக் கையில் பிடி நிற்காது. சட்டை நழுவியது. டேரின் அவனைத் தோளால் தள்ளினான். ஆர்வினின் தலை பின்னால் சொடுக்கியதை நான் பார்த்தேன். வானொலியில் ஒரு வார்த்தையும் போகவில்லை. ஆர்வின் தடுமாறினான், விழவில்லை. இரண்டு கையாலும் பையனைக் கட்டிப் பிடித்தான். அப்போதுதான் சொன்னான், இத்தனை வருஷமாக எந்த ஆட்டக்காரனிடமும் சொல்லாததை, ஊரே கத்திக்கொண்டிருக்கும்போது, அவன் முகத்துக்கு நேராகக் கத்திச் சொன்னான்.

"இந்த ரெண்டு விரல் செத்து எத்தனை வருஷம் தெரியுமாடா? இதே புல்லுல கிடந்தேன். உடம்பு எங்க இருக்குன்னே தெரியாமக் கிடந்தேன்! எழுந்து மறுபடி போனேன். போயிருக்கக் கூடாது. யாரும் பிடிச்சு நிறுத்தல!"

டேரின் அழுதுகொண்டிருந்தான். "அது நீங்க. நான் நீங்க இல்ல!"

"இல்லாமலே போகட்டும்" என்றான் ஆர்வின். பிடியை விடவில்லை.

துணைக் கோச்சும் இரண்டு ஆட்டக்காரர்களும் சேர்ந்து பையனைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மைதானத்தில், டேரின் நிற்க வேண்டிய இடத்தில் முதல் வருடத்துப் பையன் ஒருவன் நின்றான். வெஸ்ட்மார்க்காரர்கள் நேராக அந்த இடத்தின் வழியாகத்தான் வந்தார்கள். அந்தப் பையன் தலையை நிமிர்த்தி, நம்பரைப் படித்துக்கொண்டு, சொல்லிக் கொடுத்தது போலவே இடித்தான்; தடியன் அவன் மேலேயே ஏறிப் போய்விட்டான். எல்லைக் கோடு. ஆட்டம் போயிற்று.

நான் மைக்கில் முடிவைச் சொன்னேன். பலகைகளிலிருந்து காகிதக் கோப்பைகளும் வசவுகளும் ஆர்வின் மேல் விழுந்தன. லாய்ட் வேலியைத் தாண்டி வந்து அவன் முன்னால் நின்றான். எல்லாரும் அடிதடி என்றே நினைத்தார்கள். லாய்ட் அடிக்கவில்லை.

"அன்னிக்குச் சிரிச்சது தப்புன்னு எப்பவாவது தோணும், ஆர்வின். இன்னிக்கு அதுவும் போச்சு" என்று சொல்லிவிட்டுத் தன் மகனைக் கூட்டிக்கொண்டு போனான்.

புது வருடம் பிறந்ததும் கல்லூரி ஆர்வினை வேலையிலிருந்து அனுப்பிவிட்டது. நன்றி சொல்லி, கை கொடுத்து, மரியாதையாகத்தான்.

டேரினின் அம்மா ஜோனெல், லாய்டுக்குத் தெரியாமல் மகனை நகரத்துக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்தாள். கழுத்தில் ஒன்றுமில்லை. நரம்பு கொஞ்சம் இழுபட்டிருக்கிறது, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும், தாராளமாக ஆடலாம் என்றார்கள். இரண்டு நாளில் செய்தி ஊர் முழுக்கப் பரவியது. ஒன்றுமில்லாத பையனுக்காக ஒரு வருடத்தையே குழியில் போட்டவன் என்று ஆர்வினுக்குப் புதுப் பேர் கிடைத்தது.

நான்தான் அவனிடம் போய்ச் சொன்னேன். பெட்ரோல் நிலையத்தை ஒட்டிய சாப்பாட்டுக்கடையில் குச்சியில் குத்திப் பொரித்த ஆட்டுக்கறியைத் தின்றுகொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லையாமா?"

"ஒண்ணுமில்லையாம்."

"நல்லாப் பாத்தாங்களா? ரெண்டு பக்கமும் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்களாம், ஆர்வின்."

குச்சியைத் தட்டில் வைத்தான். சிரித்தான். பிறகு காகிதத் துண்டால் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் அவமானத்தில் அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள். அது நிம்மதி. அந்தப் பையனுக்கு ஒன்றுமில்லை என்பதற்காக ஒரு மனுஷன் தன் வேலையைத் தொலைத்துவிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் புதுக் கோச் வந்தார். டேரின் ஆடினான். நான் கூண்டிலிருந்து அவன் ஒவ்வொரு இடியையும் தொலைநோக்கியில் பார்த்தேன். ஒரு தடவை கூடக் குனியவில்லை. பழக்கமா, பயமா, வேறு ஏதாவதா, நான் கேட்கவில்லை. ஒரு தடவை பெட்ரோல் போடும் இடத்தில் ஆர்வினும் அவனும் எதிரெதிரே நின்றார்களாம். டேரின் "கோச்" என்றானாம். ஆர்வின் தலையசைத்தானாம்.

ஆர்வினும் மார்லிஸும் வடக்கே கார்வர் லேக் என்ற ஊருக்குப் போனார்கள். ஏரி வற்றி வருஷக்கணக்காகிவிட்ட ஊர். பதினொரு பேர் சேராததால் ஒன்பது பேரை வைத்து ஆடுகிற பள்ளி. அங்கே முதல் நாள் பயிற்சியில், பந்தைத் தொடும் முன், ஆர்வின் பையன்களைப் புல்லில் உட்கார வைத்துத் தொப்பியைக் கழற்றினான். வெட்டுக்கிளியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். மறுநாளே இரண்டு தாய்மார்கள் வந்து தங்கள் பையன்களின் பெயரை நீக்கிவிட்டுப் போனார்கள். தான் பயந்தது நடந்துவிட்டதே என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னான். ஆனாலும் மறுவருடமும் சொன்னான். அதற்கடுத்த வருடமும்.

அந்த மூன்றாம் வருடத்தில் ஒரு தூறல் நாள். நான் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். எனக்கு மைக் இல்லை. ஓரத்தில் சும்மா நின்றேன். ஆட்டம் இறுகிக் கிடந்தது, சமமான புள்ளிகள், கொஞ்ச நேரம்தான் பாக்கி. ப்ரெண்ட் யோஸ்ட் என்றொரு பருத்த பையன், வேகம் கிடையாது, ஆனால் அவனை நகர்த்துவதும் கஷ்டம். ஒரு மோதலில் கீழே விழுந்து எழுந்தான். இரண்டடி வைத்தான், நின்றான். பிறகு தானாகவே மைதானத்திலிருந்து வெளியே நடக்க ஆரம்பித்தான். கூட்டத்தில் யாரோ ஊளையிட்டார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக ஆர்வினிடம் வந்தான்.

"கோச், என் கை மரத்துப்போச்சு. நானே வந்துட்டேன். திட்டுவீங்களா?"

ஆர்வின் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவன் தோளில் போட்டான். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லவே தேவையில்லை, பையனே கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தான். ஆர்வின் மழையில் நனைந்துகொண்டே மைதானத்தைப் பார்த்து நின்றான்.

ப்ரெண்டின் படத்தில் கோளாறு இருந்தது, ஆர்வினுடையது மாதிரியே. டாக்டர் இனி ஆடக் கூடாது என்றுவிட்டார். அவன் அம்மா கேக் சுட்டு எடுத்துக்கொண்டு ஆர்வின் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தக் குளிர்காலம் மார்லிஸ் பையனைத் தன் இசைக்குழுவுக்கு இழுத்துக்கொண்டாள். பெரிய மேளத்தைக் கழுத்தில் மாட்ட விடவில்லை, சக்கரம் வைத்த வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே அடிக்க ஏற்பாடு செய்தாள். தாளம் அவனுக்குக் கடைசி வரைக்கும் சரியாக வரவில்லை.